இரண்டாவது கிண்ணம்

வென்ற அணி அடுத்த ஆண்டும் வெல்லுமா? எங்கள் விடுதியில் இந்தக் கேள்வி எழாத வாரம் இல்லை. என் அறை நண்பன் ஜொகூர்க்காரன். அவனுக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாகத் தெரிகிறது. ஜொகூர் டாருல் தாக்சிம் அணி 2014 முதல் 2024–25 பருவம் வரை ஒன்றுவிடாமல் பதினொரு முறை சூப்பர் லீக் பட்டத்தை வென்றிருக்கிறது. "இரண்டாவதா? நாங்க எண்றதையே நிறுத்திட்டோம்டா" என்பான். நான் பேராக்காரன், கமுந்திங். 2025 ஜூலையில் பேராக் அணி சூப்பர் லீக்கிலிருந்தே விலகிய செய்தி வந்த அன்று அவன்தான் முதலில் அழைத்தான். "என்னடா பேராக், இருக்கீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனவன், என் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டான். நல்லவன்தான்.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆண்டு மலரில் காற்பந்துக்கு என்ன வேலை என்று சில மூத்தோர் கேட்கக்கூடும். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் லீக் பட்டத்தைப் பேராக் வென்றது. சூப்பர் லீக் என்ற பெயர் 2004இல்தான் வந்தது. அந்த முதல் பட்டம் பகாங்குக்குப் போனது. பிறகு கெடா 2006–07, 2007–08 என்று அடுத்தடுத்து வென்றது. அதுவும் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் இரு பருவங்களிலும் அள்ளியது. அடுத்து சிலாங்கூர் 2009, 2010. அதற்கடுத்து கிளந்தான் 2011, 2012. கவனித்தீர்களா? நான்கு அணிகள், நான்குமே இரண்டு முறை, நான்குக்குமே மூன்றாவது இல்லை. 2013இல் சிங்கப்பூரின் லயன்ஸ் XII வென்றது, 2014இல் ஜொகூர் வந்தது, அதன்பின் கதவு சாத்தப்பட்டது.

ஆகவே 'வென்ற அணி மறுபடியும் வெல்லுமா' என்ற கேள்விக்கு நம் நாட்டின் விடை, வெல்லும் என்பதே. இரண்டாவது அதிசயம் அல்ல. மூன்றாவது ஏன் வரவில்லை, அந்த நான்கு அணிகளும் பிறகு ஏன் அப்படிச் சரிந்தன என்பதுதான் என்னை உறுத்துகிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுண்டு. தன்முனைப்பு முகாம்களில் கேட்டிருப்பீர்கள்: வெற்றி வந்ததும் பசி போய்விடுகிறது, தலைக்கனம் ஏறிவிடுகிறது, போதும் என்ற மனம் வந்துவிடுகிறது, எனவே மாணவர்களே, பசியோடு இருங்கள். கைதட்டிவிட்டு நாமும் நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். இந்த விளக்கத்தை நான் நம்புவதில்லை. நம்பாமல் போனதற்குக் காரணம் என் பள்ளிக்கூடம்.

தமிழ்ப்பள்ளியில் எனக்குத் தெரிந்த விளையாட்டு காற்பந்து ஒன்றுதான். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கூடைப்பந்துக் குழுவில் சேர்த்தார்கள். பன்னிரண்டு பேரில் நான் ஒருவன்தான் தமிழன். "சீனப் பிள்ளைங்க ஆட்டம் உனக்கு எதுக்கு?" என்று அத்தை கேட்டார். நான்காம் படிவத்தில், 2019இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் மாவட்ட வெற்றியாளர் ஆனோம். பள்ளிச் சபைகூடலில் பெயர் வாசித்தார்கள். அத்தையும் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

2020 ஜனவரியில் பயிற்சிக்குப் போனேன். முதல் ஐவரில் நான்கு பேர் இல்லை. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டார்கள். ஒருவன் கோலாலம்பூரில், ஒருவன் சிங்கப்பூரில் வேலைக்கு, மற்ற இருவர் தைப்பிங்கிலேயே இருந்தாலும் இனி எங்கள் ஆட்கள் அல்லர். எங்களுக்குப் பசி போகவில்லை, தலைக்கனமும் ஏறவில்லை. வென்ற அணி அங்கே இல்லை, அவ்வளவுதான். இருந்த பெயர் மட்டும் பழையது. அந்த ஆண்டு எங்கள் போட்டிக்கு முன் மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் பட்டத்தை யாரிடமும் தோற்கவும் முடியவில்லை. (கணக்குப்படி நான் இன்னமும் நடப்பு வெற்றியாளன். யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாம்.)

பணம் புழங்கும் இடத்திலும் இதேதான் நடக்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் கடைசியாக அடுத்தடுத்து வென்றது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 2017இலும் 2018இலும். அதன்பின் 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் வென்றன. 2019இல் டொரோன்டோ வென்றது. கிண்ணத்தைத் தூக்கிய அடுத்த மாதமே அதன் முதன்மை ஆட்டக்காரர் கவாய் லெனர்ட் வேறு அணிக்குப் போய்விட்டார். அவர் போன பின் டொரோன்டோவின் 'பசி'யைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அங்கே இது வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஏற்பாடு. ஒரு குழு சம்பளத்துக்குச் செலவழிப்பதற்கு உச்ச அளவு உண்டு. மீறினால் வரி கட்டவேண்டும், இன்னும் மீறினால் ஆள் மாற்றும் வாய்ப்புகளே பறிபோகும். புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தோற்ற அணிகளுக்கே முன்னுரிமைக்கான வாய்ப்பு அதிகம். வென்றவனிடமிருந்து கொஞ்சம் எடுத்துத் தோற்றவனுக்குக் கொடுக்கும் முறை. முதலாளித்துவ நாடு என்கிறோம், கூடைப்பந்தில் மட்டும் பொதுவுடைமை!

நம் வட்டாரத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆசியான் கூடைப்பந்து லீக்கில் 2016இல் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் சிங்கப்பூர் ஸ்லிங்கர்சை ஐந்து ஆட்ட இறுதிச்சுற்றில் 3–2 என வென்றது. அடுத்த பட்டம் ஹாங்காங் ஈஸ்டர்னுக்குப் போனது. அந்த லீக்கில் 2019 வரை எந்த அணியுமே அடுத்தடுத்து இரண்டு முறை வெல்லவில்லை.

மலேசியக் காற்பந்துக்கு அமெரிக்கச் சட்டமும் இல்லை, சீரான வருமானமும் இல்லை. மாநில அணிகள் நீண்ட காலம் மாநில அரசு தரும் மானியத்தையும் விளம்பர ஆதரவாளர்களையும் நம்பியே வாழ்ந்தன. மந்திரி பெசார் மாறினால், ஆதரவாளர் மனம் மாறினால், வரவு செலவு மாறும். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமும் ஓராண்டு, ஈராண்டுதான். கிண்ணம் வென்றவுடன் ஒவ்வொருவரின் விலையும் ஏறும். அதே ஆட்களை வைத்துக்கொள்ளவே அதிகப் பணம் வேண்டும். ஆக, பட்டம் வெல்வது அந்த அணிக்கு மேலும் செலவு வைக்கும் காரியம். முதலாண்டு ஆசையில் சமாளிப்பார்கள், இரண்டாம் ஆண்டு கடனில் சமாளிப்பார்கள், மூன்றாம் ஆண்டு? கெடாவுக்கு இன்னோர் அடியும் விழுந்தது. மார்லன் ஜேம்ஸ் போன்ற வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்களைச் சார்ந்திருந்த அணி அது. 2009 முதல் சில ஆண்டுகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கே காற்பந்துச் சங்கம் தடை போட்டது. மனவலிமையால் அதைச் சரிசெய்ய முடியுமா?

கிளந்தான் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2011இல் அவர்களுக்குச் சூப்பர் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்த பயிற்றுநர் எம். கராத்து, நம் பேராக் மண்ணைச் சேர்ந்தவர். கோத்தா பாருவில் ஒரு தமிழரின் பெயரை ஊரே கொண்டாடியதைப் பற்றி அப்பா இன்றும் பெருமையாகப் பேசுவார். 2012இல் போயான் ஹோடாக்கின் கீழ் மூன்று கிண்ணங்களும் வந்தன. 2018இல் அந்த அணி தரமிறங்கியது. ஆறே ஆண்டுகள்.

அப்படியானால் ஜொகூர் மட்டும் எப்படி? என் அறை நண்பன் இந்த இடத்தைத்தான் முதலில் படிப்பான் என்பதால் நேர்மையாகவே எழுதுகிறேன். பணம் ஒரு காரணம், மறுக்கமாட்டேன். ஆனால் பணம் வேறு அணிகளிடமும் அவ்வப்போது இருந்தது. துங்கு இஸ்மாயில் 2012இல் ஜொகூர் காற்பந்தின் பொறுப்பை ஏற்றதிலிருந்து நிருவாகம் கைமாறவில்லை. இளையோர் அணிகள், பயிற்சி நிலையம், 2020இல் திறக்கப்பட்ட சொந்தத் திடல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 2015இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணியும் அதுதான். நம் எஸ். குணாளன் சிலாங்கூரிலிருந்து அங்கே போய்ப் பல ஆண்டுகள் ஆடினார். ஓர் ஆட்டக்காரர் ஓர் அணியில் நிம்மதியாக முதிர்ந்து போவதை நம் நாட்டில் நான் பார்த்தது அரிது. மாதம் முடிந்தால் சம்பளம் வரும் என்ற உறுதி இருந்தால்தான் அது நடக்கும்.

இருந்தாலும் நண்பா, ஒன்று சொல்லட்டுமா? பதினொன்றாவது பட்டத்தின்போது நீ தொலைக்காட்சியை விட்டு எழுந்து மேகி போடப் போனாய். ஆட்டம் முடியவில்லை. எனக்கு நினைவிருக்கிறது. பேராக் தோற்ற நாளில்கூட நான் அப்படி எழுந்து போனதில்லை. உன் அணி எந்தத் தவறும் செய்யவில்லை. மற்றவர்கள் நின்று போட்டியிட முடியாத ஒரு லீக்கில் உனக்கும் அலுத்துவிட்டது, அவ்வளவுதான். 2025–26 பருவம் தொடங்குமுன் பேராக், ஸ்ரீ பகாங் இரண்டும் விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. மேலே நான் எண்ணிய பட்டங்களில் பாதி அந்த மூன்று மாநிலங்களுடையவை.

ஆட்களை ஒன்றாக வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தேசிய அணியே சான்று. 2009இல் வியந்தியானில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த 23 வயதுக்குட்பட்ட அணி சீ விளையாட்டில் தங்கம் வென்றது. அந்த இளைஞர்களில் பலரையே மூத்த அணியில் வைத்து 2010இல் ஏ.எஃப்.எஃப். சுசுகி கிண்ணத்தையும் வென்றார் அவர். குணாளன் இரண்டிலும் ஆடினார். 2011இல் ஜகார்த்தாவில் சீ தங்கத்தைத் தக்க வைத்தபோது பயிற்றுநர் ஓங் கிம் சுவீ. பயிற்றுநர் மாறினார், ஆனால் பல ஆண்டுகள் ஒரே முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மூன்று ஆண்டுகள் நாம் எல்லாரும் தேசியக் கொடியோடு தெருவில் திரிந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் தோளில் இருந்தேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிற்காது.

கமுந்திங்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அப்பா. தாத்தா பால்மரம் வெட்டினார். தோட்டத் திடலில் மாலையில் பந்து உதைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டங்களோடு ஆட்டம். திருவிழாவை ஒட்டித் தோட்டங்களுக்கிடையே ஒரு கிண்ணப் போட்டி நடக்கும். 1988இல் அப்பாவின் தோட்டம் வென்றது. 1989இலும் வென்றது. அந்த இரண்டு கிண்ணங்களில் ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கைப்பிடி ஒன்று உடைந்து, உள்ளே அம்மா ரப்பர் வளையங்களும் பழைய பேட்டரிகளும் போட்டு வைத்திருக்கிறார். இன்னொன்று குழுத் தலைவராக இருந்தவரின் வீட்டில்.

சிறுவயதில் நான் கேட்டேன்: "அப்பா, 1990இல் யார் ஜெயிச்சா?"

"ஆட்டமே இல்ல தம்பி. தோட்டத்த வித்துட்டானுங்க."

வீடமைப்புக்கு நிலம் போயிற்று. லயங்கள் காலியாயின. கோல் காவலர் பினாங்கில் தொழிற்சாலைக்குப் போனார். இரண்டு பேர் சிங்கப்பூர். ஒருவர் சுங்கைப் பட்டாணி. அப்பா கமுந்திங் தொழிற்பேட்டையில் சேர்ந்தார், இன்னும் அங்கேதான். பத்து நிமிட மோட்டார் சைக்கிள் தூரத்தில் இருந்தும் மீதிப் பேர் ஓர் அணியாகச் சேரவில்லை. திடல் இல்லை, மாலை ஷிப்டு வேறு. தோட்டத்து மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், ஒற்றுமை இல்லை, விளையாட்டில் நம் இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று மேடையில் யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்த உடைந்த கைப்பிடி நினைவுக்கு வரும். அவர்கள் மூன்றாம் ஆண்டு தோற்கவில்லை. மூன்றாம் ஆண்டு அவர்கள் இல்லை.

தோட்டத்துக்குப் பிறகு அப்பா பேராக் அணியைப் பிடித்துக்கொண்டார். 2002, 2003 ஆண்டுகளில் மூன்று நண்பர்களோடு ஒரு பழைய வேனில் ஈப்போ திடலுக்குப் போவாராம். நான் பிறந்த ஆண்டு இரண்டாவது பட்டம் வந்தது. 'ராசிக்காரப் பையன்' என்று பெயர் வாங்கினேன். அந்த ராசி அதன்பின் வேலை செய்யவில்லை என்பது வேறு கதை. 2018 அக்டோபர் 27 அன்று ஷா ஆலாமில் பேராக் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரெங்கானுவை எதிர்கொண்டது. தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. வீட்டில் முறுக்கு சுடும் வேலையை விட்டுவிட்டு நானும் அப்பாவும் மாமாக் கடையில் உட்கார்ந்தோம். 3–3. பினால்டியில் 4–1. பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த மலேசியக் கிண்ணம். பக்கத்து மேசையில் இருந்த முன்பின் தெரியாத மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அப்பா அழுததை நான் பார்த்தது அன்றுதான், அதுவரை.

2019இல் அந்தக் கிண்ணம் ஜொகூருக்குப் போனது. 2021இல் பேராக் தரமிறங்கியது. சம்பள நிலுவைச் செய்திகள் தொடர்ந்து வந்தன, ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 2023இல் மீண்டும் சூப்பர் லீக்கில் ஆடினார்கள். 2025இல் இல்லை. 1921இல் தொடங்கிய காற்பந்துச் சங்கத்தின் மரபு, எட்டு மலேசியக் கிண்ணங்கள், எல்லாவற்றையும் ஓர் அறிக்கையில் முடித்துவிட்டார்கள். அப்பா செய்தியைப் படித்துவிட்டுக் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "ரெண்டாவது தோட்டம்டா இது" என்றார்.

நமக்கென்று ஓர் அணி இருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து வளர்ந்த குழு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடியது. பட்டம் வெல்லும் அணி அல்ல. ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு மேல்மட்டத்தில் ஒரு வாசல். 2022 பருவம் முடிந்ததும் அதுவும் விலகிக்கொண்டது. அப்போது எத்தனை பேர் வருந்தினோம்? நான் வருந்தவில்லை. பேராக் இருந்தது என்பதால் கண்டுகொள்ளவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த மலரை வாசிக்கும் முன்னாள் மாணவர்களுள் சிலர் இன்று நிறுவனங்களில் நல்ல பொறுப்பில் இருக்கிறீர்கள். ஆண்டுதோறும் நம் போட்டிகளுக்குச் சுழற்கிண்ணம் அன்பளிப்புச் செய்கிறீர்கள், நன்றி. ஒரு கோரிக்கை உண்டு. கிண்ணம் வேண்டாம். அலமாரியில் நிறைய இருக்கிறது. அந்தப் பணத்தில் செவ்வாய், வியாழன் மாலைகளில் திடல் வாடகை கட்டுங்கள். ஓராண்டுக்கு அல்ல, மூன்றாண்டுக்கு. கடந்த ஆண்டு பல்கலைக்கழக இந்திய மாணவர் காற்பந்துப் போட்டியில் நம் மொழிக்கழக அணி வென்றது உங்களில் பலருக்குத் தெரியும். அதில் ஆடிய ஒன்பது பேரில் ஆறு பேர் இந்த ஆண்டு பட்டம் பெறுகிறோம். நானும் ஒருவன். முதலாமாண்டுத் தம்பிகள் நால்வரை ஆறு மாதமாக எங்களோடு ஆடவிட்டிருக்கிறோம். அதனால் இரண்டு நட்பு ஆட்டங்களில் தோற்றோம், சிலர் முகம் சுளித்தார்கள். கழகச் செயலாளர்கூட "ஜெயிக்கிற டீம எதுக்குடா கலைக்கிறீங்க?" என்றார்.

கலைக்கவில்லை அண்ணா. அடுத்த ஆண்டு பந்தை எடுத்து வர ஓர் ஆள் வேண்டும், திடலின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த நால்வரில் ஒருவன் கோப்பெங் பக்கத்துத் தோட்டப் பையன், இடதுகாலன். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டேன்.